ரெண்டு வருசப் ‘பரவாயில்லைங்க’

எங்க ஊட்டுக்காரருக்கு யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாது. சக்கரை போட மறந்து காப்பியக் குடுத்தாலும் குடிச்சுப் போட்டு, "பரவாயில்ல அம்மணி"ன்னு டம்ளரக் கீழ வெப்பாரு. கல்யாணமாகி முப்பது வருசம் அதை நல்ல கொணம்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். அது கொணமில்லைங்க, அது ஒரு சீக்கு. அவரு நெஞ்சுல இருந்த சீக்க விட அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு எச்சு நாளாச்சு.

கருமத்தம்பட்டியில எங்களுக்கு எட்டுத் தறி. ஊட்டுல இருந்து தறிக் குடோனுக்கு ரெண்டு தெரு நடக்கோணும். அவரு தறி ஓட்டுவாரு, நான் நூல் பாத்து எடுப்பேன். மூட்டை மேல என்ன லேபிள் ஒட்டியிருந்தாலும் நான் நம்பமாட்டேன். மூட்டையப் பிரிச்சு, நூலை உருவி, நிறுத்துப் பாத்துத்தான் உள்ள எடுப்பேன். நூல் யாவாரிக என்னயக் கண்டாலே, "அக்கா வந்துட்டாங்களா, இன்னைக்குப் பொழுது போச்சு"ம்பாங்க. போகட்டுமே.

இருமல் மொதல்ல வறட்டு இருமலாத்தான் வந்துச்சு. தறிக்காரன் இருமறது என்ன அதிசயமா, காத்துலயே பஞ்சுதான பறக்குதுன்னு ஆறு மாசம் போச்சு. அப்பறம் தறிக்குப் பாவு நூல் உருளையத் தூக்கி மாட்டுனா மூச்சு வாங்குச்சு. டாக்டரத் தேடி எங்கயும் போகலைங்க. ஒறம்பரையிலயே ஒருத்தர் இருந்தாரு. இவரு பெரியப்பா மகனோட மருமகப்புள்ள. போர்டுல ‘நெஞ்சு, நுரையீரல் நோய் சிறப்பு மருத்துவர்’னு பெரிசா எழுதியிருக்கும். நம்ம மாப்பிள்ளை இருக்கறப்ப வேற எடம் போனா என்ன நெனப்பாங்கன்னு இவரு அங்கயே போயிட்டாரு.

ஒவ்வொரு தடவையும் நானும் ஒட்டுக்காப் போவேன். மாப்பிள்ளை, "மாமா, இப்ப எப்படிங்க இருக்குது?"ம்பாரு. இவரு நாற்காலி நுனியில உக்காந்துட்டு, "பரவாயில்லைங்க மாப்ள"ம்பாரு. மாப்பிள்ளை ஏதோ எழுதிக்குவாரு. நெஞ்சுல கொழாய வெச்சுப் பாத்துப் போட்டு, அதே மாத்திரையும் அதே டானிக்கையும் குடுப்பாரு. கார்ல வாரப்ப இவரு இரும ஆரம்பிச்சா ஊடு வந்து சேர்ற வரைக்கும் நிக்காது. "ஏனுங்க, அங்க எதுக்குப் பரவாயில்லைன்னீங்க?"ன்னு கேட்டா, "பாவம், அவரு குடுத்த மருந்து கேக்கலைன்னு மொகத்துக்கு நேரா எப்படி அம்மணி சொல்றது?"ன்னு என்னயவே திருப்பிக் கேப்பாரு.

அந்தச் சமயத்துலதான் இன்னொரு பழக்கமும் ஆரம்பிச்சுது. பொழுதோட தறிய நிறுத்திப் போட்டு ஆறு மணிக்கு வர்றவரு, ஆறரைக்கு வந்தாரு, ஆறேமுக்காலுக்கு வந்தாரு. "பேக்கரியில அரட்டையா? ஒருத்தி இங்க காத்துட்டு இருக்கறது ஞாபகத்துல இருக்குதா?"ன்னு கத்துவேன். "ஆமா அம்மணி, பேச்சுல நேரம் போனதே தெரியல"ன்னு கை கால் கழுவப் போயிருவாரு. ரெண்டு வருசம் இதுக்கு நான் பேசாத பேச்சில்ல.

பங்காளி ஊட்டுக் கல்யாணம் ஒன்னு வந்துச்சு. மண்டபத்துல சாப்பாடு மாடியில. படியேறுறப்ப இவரு நின்னு வேட்டிய அவுத்துக் கட்டுனாரு. அஞ்சு படி ஏறி மறுபடியும் நின்னு கட்டுனாரு. பின்னால வாரவங்களுக்கு வழி விட்டுப் போட்டு மூணாந்தடவையும் கட்டுனாரு. நான் மேல்படியில நின்னு பாத்துட்டே இருந்தேன். வேட்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஒதடு மட்டும் நாவப்பழம் தின்னாப்பல இருந்துச்சு.

அடுத்த நாள் காலையில மாப்பிள்ளையோட மருந்துச் சீட்ட எடுத்து வெச்சுட்டு உக்காந்தேன். பேருக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு பதிவு நம்பர் இருந்துச்சு. டாக்டருக நம்பரப் போட்டா அவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டுல தெரியும்னு எங்க மக ஒருக்கா சொல்லியிருந்தா. அவ பெங்களூர்ல ஒரு கம்பெனியில இருக்கறா. போன்ல நானே தேடுனேன். மாப்பிள்ளை பேர் வந்துச்சு. எம்.பி.பி.எஸ்.னு இருந்துச்சு. அதுக்கு மேல ஒன்னும் இல்ல. நெஞ்சுக்குன்னு தனியாப் படிச்ச படிப்பு எதுவும் அதுல இல்ல.

லேபிள நம்பாத நான், போர்ட நம்பி ரெண்டு வருசம் போயிருக்கறேன். என்ற மேலயே எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்துச்சு.

விசயம் எப்படியோ பெரியப்பா மகன் ஊட்டுக்குப் போயிருச்சு. அவங்க சம்சாரம் போன் பண்ணி, "எங்க மருமகப்புள்ளையோட சர்டிபிகேட்டயா சோதிச்சுப் பாத்தீங்க? மானம் போகுதுங்க"ன்னாங்க. "ஏனுங்க அக்கா, உங்க பொண்ணக் கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஊட்டு மூணு தலைமொறைய விசாரிச்சீங்க. அவங்க தோட்டத்துக் கெணத்துல எத்தனை அடி தண்ணின்னு வரைக்கும் ஆள் வெச்சுக் கேட்டீங்க. நான் என்ற புருசன் நெஞ்சத் தொடறவரு என்ன படிச்சாருன்னு கேக்கப்படாதா?"ன்னு கேட்டேன். போன வெச்சுட்டாங்க. இவரு அக்கட்டால உக்காந்துட்டு, "அப்படிப் பேசியிருக்க வேண்டாம் அம்மணி"ன்னாரு. நான் அப்படித்தான் பேசுவேன்னேன்.

மக அவ கம்பெனி இன்சூரன்சுல எங்க ரெண்டு பேரயும் சேத்தியிருந்தா. அந்த அட்டைய எடுத்து வெச்சுட்டு, கோயமுத்தூர்ல அந்த இன்சூரன்ஸ் செல்லுபடியாகிற ஆஸ்பத்திரிக எதெதுன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். ஒவ்வொரு எடத்துக்கும் போன் போட்டேன். நுரையீரலுக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்களா? தெனமும் அங்கயே இருக்கறவங்களா, இல்ல வாரத்துக்கு ஒருக்கா வந்து போறவங்களா? அவங்க பாத்தா இன்சூரன்ஸ் ஏத்துக்குவாங்களா? பதிவு நம்பர் என்ன? ஒரு ஆஸ்பத்திரியில போன எடுத்த பொண்ணு, "டாக்டரோட நம்பர் உங்களுக்கு எதுக்குங்க மேடம்?"னுச்சு. "ஜாதகம் பாக்கறதுக்குக் கண்ணு"ன்னேன். சிரிச்சுப் போட்டுக் குடுத்துருச்சு. இன்னொரு எடத்துல, அப்படியெல்லாம் சொல்றதில்லைன்னு போன வெச்சாங்க. அந்தப் பேர அடிச்சுப் போட்டேன்.

கடைசியா அவினாசி ரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா கெடைச்சாங்க. பதிவேட்டுல அவங்க பேருக்கு நேரா நெஞ்சக நோய்க்கு எம்.டி.ன்னு இருந்துச்சு. உள்ள போனதும் அந்தம்மா எப்படி இருக்குதுன்னே கேக்கலைங்க. "என்ன வேலைங்க செய்யறீங்க? எத்தனை வருசமா?"ன்னு கேட்டாங்க. தறின்னதும் பேனாவக் கீழ வெச்சுப் போட்டு இவரு மொகத்த நிமுந்து பாத்தாங்க. அப்பறம் ஒரு மிசினுல ஊதச் சொன்னாங்க. பக்கத்துல நின்ன பொண்ணு, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க"ன்னு சொல்லச் சொல்ல, இவருக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சே ஒழிய மிசினுல கோடு மேல ஏறல. ஸ்கேனும் எடுத்தாங்க.

டாக்டரம்மா மூடி மறைக்கல. நுரையீரல் தழும்பு கட்டி இறுகிட்டு வருதுன்னாங்க. தழும்பானது ஆனதுதான், திரும்பாது. மீதியக் காப்பாத்தலாம். ஆனா எதனால இறுகுதுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். அதுக்கு ஒரு சின்னக் கொழாய உள்ள விட்டு, துளி சதை எடுத்துப் பாக்கோணும். தள்ளிப் போடாதீங்கன்னாங்க. இவரு அதுக்கும், "சரிங்க, பரவாயில்லைங்க"ன்னாரு. "பரவாயில்லாம இல்லைங்க ஐயா"ன்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கு எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

அங்கதான் முட்டுச்சு. இன்சூரன்ஸ்காரங்க பழைய சீட்டெல்லாம் கேட்டாங்க. அனுப்புனோம். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேசையில இருந்த பொண்ணு எங்களக் கூப்புட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்டிருக்குதுங்கன்னு கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுனா. பதினாலு சீட்டு. பதினாலுலயும் ‘பெட்டர்’, ‘பெட்டர்’னு மாப்பிள்ளை கையெழுத்து. ரெண்டு வருசமா நல்லாகிட்டே வர்றவருக்கு எதுக்கு அட்மிசன்னு கேக்கறாங்க. இன்சூரன்ஸ் இல்லைன்னா இவரு ஒத்துக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அப்பவே பைய எடுத்து மடியில வெச்சுட்டு, "ஊட்டுக்குப் போலாம் அம்மணி, நான் நல்லாத்தான இருக்கறேன்"னாரு.

நான் நேரா மாப்பிள்ளை கிளினிக்குக்குப் போனேன். "அத்தை, நான் என்னங்க பண்றது? கேட்டேன், அவரு சொன்னாரு, எழுதுனேன். நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"ன்னாரு. அந்தக் கடைசிச் சொல்லு சுருக்குன்னு குத்துச்சு. ஆனா விட்டுட்டு வர்ற ஆளா நான்? "ஒருத்தர் பரவாயில்லைன்னா எழுதிக்கறதுக்கு ஒரு நோட்டுப் போதுமே, டாக்டர் எதுக்குங்க மாப்ள? பதினாலு தடவையில ஒருக்காவாச்சும் ஊதச் சொல்லிப் பாத்தீங்களா?"ன்னேன். அவரு மேசையில இருந்த பேனா மூடியத் திருகிட்டே இருந்தாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

டாக்டரம்மா மிசினுல வந்த கோட்டயும் ஸ்கேனயும் வெச்சு ஒரு லெட்டர் எழுதி அனுப்புனாங்க. கம்பெனி, நோயாளிய நேர்ல பாத்து விசாரிச்சுத்தான் முடிவு சொல்லுவோம்னுச்சு. அந்த வாரமே ஒரு நாள் காலையில அட்மிசன் போட்டாங்க, மத்தியானம் கொழாய் விடறதுன்னு முடிவு. பதினோரு மணிக்கு விசாரிக்கிறவரு வந்தாரு. நாப்பது வயசிருக்கும், தோள்ல பை. அந்தாளும் நம்ம பக்கத்து ஆளுதான், பேச்சுலயே தெரிஞ்சுது. என்னயப் பாத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, ஐயா மட்டுந்தானுங்க பேசோணும். நீங்க நடுவுல பேசப்படாது"ன்னாரு. சரின்னு ஜன்னலோரம் போயி நின்னுக்கிட்டேன். வாழ்க்கையில மொதத்தடவையா வாய மூடிட்டு நின்னேன்.

அந்தாளு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, அவ்வளவு மரியாதையாக் கேட்டாரு. "ஏனுங்க ஐயா, ஒடம்பு இப்ப எப்படிங்க இருக்குது?"

அப்படி மரியாதையாக் கேட்டா இவரு வாயில இருந்து என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? "பரவா..."ன்னு ஆரம்பிச்சே போட்டாரு. அப்பறம் என்னயப் பாத்தாரு. நான் ஒன்னும் சொல்லல, தலையக் கூட ஆட்டல. என்ற மொகத்துல என்ன இருந்துச்சோ தெரியல.

"இல்லீங்க"ன்னாரு. "நல்லா இல்லீங்க. மன்னிச்சுக்கோங்க."

"எவ்வளவு நாளாங்க?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்குங்க. பாவு தூக்க முடியறதில்லீங்க. நடந்துட்டே பேச முடியறதில்லீங்க. பொழுதோட ஊட்டுக்கு வாரப்ப, முக்குல ரேசன் கடைச் சுவத்துல சாஞ்சு நிப்பேனுங்க. அரை மணி ஆனாலும் மூச்சு அடங்குனதுக்கப்பறந்தான் உள்ள போவேன். இவ பாத்தா பயந்துக்குவா. பேக்கரிக்குப் போயிட்டு வாரேன்னு நெனச்சுட்டுத் திட்டுவாளுங்க. நானும் ஆமான்னு சொல்லிப் போடுவேன்."

அந்தாளு எழுதறத நிறுத்திப் போட்டு என்னயப் பாத்தாரு. எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துச்சு. பொய் சொல்லியிருக்கறாரே, ரெண்டு வருசம் என்ற வாயால திட்டு வாங்கிட்டே பொய் சொல்லியிருக்கறாரேன்னு. அப்பறம் ஒரேயடியா வெக்கமாப் போச்சு. ஒருக்காவாச்சும் ஊதச் சொன்னீங்களான்னு மாப்பிள்ளையக் கேட்டனே, நான் ஒருக்காவாச்சும் அந்த முக்கு வரைக்கும் நடந்து போய்ப் பாத்தேனா? கூப்புடு தூரம். ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு அழுதேன். பேசப்படாதுன்னாங்களே, அழுகப்படாதுன்னு சொல்லலையே.

மத்தியானம் அனுமதி வந்துச்சு. கொழாய் விட்டுச் சதை எடுத்தாங்க. ரிசல்ட் வந்து மருந்து ஆரம்பிச்சாச்சு. இனித் தறிப் பக்கமே போகப்படாதுன்னுட்டாங்க. அவரு எடத்துல ஆள் போட்டு நான் பாத்துக்கறேன், மூக்குல துணியக் கட்டிட்டுத்தான். பெரியப்பா மகன் ஊட்டுல இன்னும் பேசறதில்ல. பேசலைன்னா போகுது.

போன வாரம் இவரு பேக்கரிக்குப் போனாரு, நெசமாவே. அரை மணியாச்சு, வரல. நான் செருப்ப மாட்டிட்டு முக்குக்குப் போனேன். ரேசன் கடைச் சுவத்துல சாஞ்சு, தெருவுக்கு முதுகக் காட்டிட்டு நின்னுட்டு இருந்தாரு. "ஏனுங்க, மூச்சு வாங்கறதா இருந்தா இனி ஊட்டு வாசல்ல வந்து வாங்குங்க. ஊரே பாக்கட்டும்"னு சொல்லிக் கையப் புடிச்சேன். தெருவுல அவரு என்ற கையப் புடிச்சு நடந்தது அன்னைக்குத்தான். நாலு எடத்துல நின்னோம். எந்த எடத்துலயும் அவரு வேட்டிய அவுத்துக் கட்டல.

வாசலுக்கு வந்ததும் எதுத்த ஊட்டம்மா எட்டிப் பாத்து, "ஏனுங்கண்ணா, ஒடம்பு இப்ப எப்படிங்க இருக்குது?"ன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டேன். இவரு ரெண்டு மூச்சு இழுத்து விட்டாரு, அவங்கள நேராப் பாத்தாரு.

"நல்லா இல்லீங்க"ன்னாரு.

நான் உள்ள போயி ஒரு நாற்காலிய எடுத்துட்டு வந்து, தெருவப் பாத்தாப்பல வாசல்ல போட்டேன்.