ஒரு காவலுக்கு ஒரு நாற்காலி

நான் வேலை செய்த இடங்களை நாற்காலியை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். சம்பளம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாளிகளும் ஒன்றுதான். நாற்காலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

மலேசியாவில், செனாவாங் என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். கம்பெனி பஸ் எங்கள் தோட்டத்து முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். கேண்டீனில் பாதி விலைக்குச் சோறு. வருடத்துக்கு இரண்டு சட்டை, ஒரு ஜோடி சப்பாத்து. தீபாவளிக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். பிஸ்கட் டின், ஆரஞ்சு சிரப், முறுக்கு என்ற பெயரில் ஏதோ ஒன்று. உட்கார்ந்து செய்கிற வேலை. உயரமான ஸ்டூல், முதுகுக்குச் சின்னதாக ஒரு மெத்தை.

பிறகு புது மேனேஜர் வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே போனால் ஒரு ஸ்டூலைக்கூடக் காணோம். நின்றுகொண்டு வேலை செய்வது உடம்புக்கு நல்லது என்று சுவரில் படம் ஒட்டியிருந்தார்கள். படத்தில் நின்றவன் சிரித்துக்கொண்டிருந்தான். வரைந்தவன் உட்கார்ந்துதான் வரைந்திருப்பான். இரண்டு வருடம் நின்றேன். பிறகு ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள்.

ஐம்பது வயதில் வெளியே வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பான்? செக்யூரிட்டி கார்டு வேலை கொடுத்தார்கள். முதலில் ஒரு கிடங்கில் போட்டார்கள். அங்கே முதுகுப் பலகை இல்லாத நாற்காலி. முந்தி இருந்தவன் ராஃபியாக் கயிற்றைக் குறுக்கே கட்டிச் சாய்ந்திருக்கிறான். ஆனால் அங்கே மைலோ மெஷின் உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஓசி மைலோவைக் குடித்தே எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்தது. அடுத்தது ஒரு தாமான் குடியிருப்பின் வாசல். ஃபேனும் இருந்தது, நல்ல நாற்காலியும் இருந்தது. ஒரு மத்தியானம் கண்ணை மூடிவிட்டேன். அந்தத் தாமான்வாசி ஒருவர் காரில் இருந்தபடியே படம் பிடித்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணை மூடியது நான். நாற்காலி என்ன செய்தது? பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு புழு மாதிரிச் சுருண்டுகொண்டது.

அதற்கப்புறம்தான் போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் அந்த அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். நான் குடியிருப்பது புக்கிட் பெலண்டோக்கில். செம்பனைக்கு நடுவில் போகிற சாலையில் மோட்டாரில் அரைமணி நேரம். காலை ஏழிலிருந்து மாலை ஏழு. வாசலில் ஒரு சின்னக் கூண்டு. உள்ளே கைப்பிடி வைத்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, ஃபேன், சுடுதண்ணீர்க் கேத்தல். மோட்டாரை நிழலில் வைக்கலாம். துண்டை நான்காக மடித்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இதைவிட நல்ல கம்பெனி வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வசதி இருந்தது. மனிதர்கள் இல்லை. அங்கே பாதி வீடுகள் சனி ஞாயிறுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள். வார நாளில் கட்டடம் காலியாகக் கிடக்கும். வருகிற கார்காரர்கள் அட்டையைக் காட்டுவார்கள், தடுப்புக் கட்டை தூக்கிக்கொள்ளும், போய்விடுவார்கள். கண்ணாடியை இறக்க மாட்டார்கள். பார்சல் கொண்டுவருகிறவன் "பாங், பார்சல்" என்பான், பாங் என்றால் மலாயில் அண்ணன். சில நாள் அந்த இரண்டு சொல்தான் என் காதில் விழுந்த பேச்சு. வீட்டுக்குப் போனாலும் அதேதான். மனைவி இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை வாய்ஸ் மெசேஜ் வரும், அதிலும் பின்னால் டிவி சத்தம்.

அந்தக் கிழவர் வந்தது நான் சேர்ந்த இரண்டாவது வாரத்தில். எண்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கைத்தடி, கையில் மடித்த பேப்பர். காலை பத்து மணிக்கு லிஃப்டிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து கூண்டுக்கு வந்தார். ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, தமிழ்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய அப்பா லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாராம். இவர் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் ஆஸ்திரேலியாவில். பார்வை சரியில்லை, கண்ணில் படலம். எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். ரொம்ப நாளாக யாரிடமும் பேசாதவர்தான் அப்படிக் கொட்டுவார். எனக்குத் தெரியும்.

ஆனால் கிராணி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நாற்காலியில் இன்னும் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கிராணிக்குப் பிரம்பு நாற்காலி. வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். எங்கள் ஆட்கள் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். உட்காரக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை. என் அப்பா மழையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, ஐயா ஐயா என்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜன்னலுக்கு உள்ளே நான். வெளியே கிராணி மகன். நான் எழுந்திருக்கவில்லை. ஐயா என்றும் கூப்பிடவில்லை. அங்கிள் என்றேன்.

அவர் தினமும் வந்தார். நின்றுகொண்டே பேசுவார். அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம். பேப்பரில் அவரால் படிக்க முடியாததை நான் படித்துச் சொல்வேன். என்ன சமைத்தார் என்று சொல்வார். முட்டையும் ரொட்டியும்தான், ஆனால் விருந்து மாதிரி விவரிப்பார். வலி வந்தால் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் சாய்வார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எனக்கும் கால் வலி உண்டு, கம்பெனி எனக்குக் கொடுத்த நாற்காலி இது என்று மனதுக்குள் நியாயம் சொல்லிக்கொள்வேன். உண்மை அதில்லை. அவர் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பேச்சின் நடுவில், சத்தத்தை உயர்த்தாமல் கேட்டார்.

"தம்பி, நான் நிக்கிறது உமக்குச் சந்தோசமோ?"

"ஒரு நாக்காலிதான் அங்கிள் குடுத்திருக்கானுங்க."

"அது எனக்குத் தெரியும். நான் கேட்டது வேற."

நான் விருந்தாளி புத்தகத்தைப் புரட்டினேன். அவரும் விடவில்லை, நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், எங்கப்பா நின்னாரு அங்கிள், என்றேன். அவர், "ஓம், என்ர அப்பா இருந்தவர்தான்" என்றார். யாழ்ப்பாணப் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது. அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். பத்து மணிவரை லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்.

அன்றைக்கே அந்தக் கட்டட ஆபீசுக்குப் போய் இன்னொரு நாற்காலி கேட்டேன். நீச்சல் குளத்தைச் சுற்றி இருபது நாற்காலி சும்மா வெயிலில் வெந்துகொண்டிருந்தது, அதில் ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றேன். அங்கே இருந்த பையன் தலையைத் தூக்கவில்லை. ஒரு காவலுக்கு ஒரு நாற்காலி, அதுதான் சட்டம் என்றான். கார்டுக்கு எதற்கு விருந்தாளி என்று கேட்டான்.

சரி போ என்று நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு நாற்காலி, இரண்டு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். பத்து மணிக்கு அவர் உள்ளே வந்து உட்காருவார், நான் எழுந்து நிற்பேன். பத்தேகாலுக்கு மாற்றிக்கொள்வோம். கிழவர் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து நேரம் பார்ப்பார். ஒரு நிமிடம் அதிகமாக உட்கார மாட்டார், என்னையும் உட்கார விடமாட்டார்.

"எழும்பும் தம்பி. என்ர முறை."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு அங்கிள். கிராணி புத்தி போகாது லா உங்களுக்கு."

"அப்பிடியெண்டால் எழும்பாதேயும். நாளைக்கு ரெண்டு நிமிசம் கழிப்பன்."

கழித்தார். மறுநாள் என் முறையில் இரண்டு நிமிடம் முன்னதாகவே எழுப்பிவிட்டார். நான் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மனைவி போனபிறகு முதல் தடவையாக இருக்கலாம்.

நாலு மாதம் நன்றாக இருந்தோம். அதற்குள் அங்கே குடியிருந்த ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. கூண்டுக்குள் கிழவர் உட்கார்ந்திருக்க, நான் வெளியே நின்று தடுப்புக் கட்டையைத் தூக்குவதைப் படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டான். ஆபீசிலிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தது. கொடுத்த வசதியைத் தவறாகப் பயன்படுத்தியதால் அந்த வசதி திரும்பப் பெறப்படுகிறது. கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் ஒருவன் வந்து நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனான். என் துண்டு தரையில் விழுந்தது. துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தான், நல்லவன்.

அன்று பத்து மணிக்குக் கிழவர் வந்து காலிக் கூண்டைத் தடவிப் பார்த்தார். என்ன நடந்தது என்று சொன்னேன். இருபது நிமிடம் இரண்டு பேரும் நின்றோம். அதற்குமேல் இப்போது அவரால் நிற்க முடியவில்லை. அதற்குப்பிறகு அவர் கூண்டுவரை வரவில்லை. லிஃப்டுக்கு முன்னால் குடியிருப்பவர்களுக்கு என்று ஒரு சோஃபா போட்டிருந்தார்கள். அதில் கார்டு உட்காரக்கூடாது. கார்டு வாசலை விட்டு நகரவும் கூடாது. அவர் சோஃபாவில், நான் வாசலில், நடுவில் கண்ணாடிக் கதவும் முப்பது காலடி தூரமும். பத்து மணிக்கு வந்து உட்காருவார், வாசல் பக்கம் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான் என்று ஆனது.

என் கால் மறுபடியும் வீங்க ஆரம்பித்தது. அப்போது பழைய தொழிற்சாலை நண்பன் ஒருவன், செனாவாங்கில் ஒரு கம்பெனி வாசலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றான். ஏர்கான் போட்ட கூண்டு, சக்கரம் வைத்த மெத்தை நாற்காலி, மத்தியானச் சாப்பாடு இலவசம். நான் யோசிக்கக்கூட இல்லை. சரி என்றேன்.

கடைசி நாளும் கிழவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். முப்பது காலடி நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுப் போகிறவனை வாசலை விட்டு நகர்ந்தான் என்று என்ன செய்துவிடுவார்கள்? ஆனால் என்ன சொல்வது? நாற்காலிக்காகப் போகிறேன் என்றா? சொல்லாமலே மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புது இடத்தில் எல்லாம் இருக்கிறது. நாற்காலி சுற்றும், சாயும். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் இருக்கிறது. முன்பு இங்கே இரண்டு கார்டு, இப்போது ஒருவரைக் குறைத்துவிட்டார்கள், நாற்காலியை எடுக்க மறந்துவிட்டார்கள். லாரிக்காரர்கள் சீட்டை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன். அவர்கள் இறங்குவதில்லை.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஓய்வு நாளில் போர்டிக்சனுக்குப் போனேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கூண்டில் ஒரு நேப்பாளக்காரன் நின்றுகொண்டிருந்தான். நல்ல பையன். விருந்தாளி புத்தகத்தை நீட்டினான். மாதக்கணக்கில் நான் மற்றவர்களுக்கு நீட்டிய அதே புத்தகம். என் பெயரை எழுதினேன். மோட்டார் நம்பர் எழுதினேன். அடுத்த கட்டம், யாரைப் பார்க்க. அதற்கு அடுத்தது, வீட்டு எண்.

பேனா நின்றுவிட்டது. எனக்கு அவர் பெயர் தெரியாது. அவர் எனக்கு அங்கிள், நான் அவருக்குத் தம்பி. வீட்டு எண்ணும் தெரியாது. அந்தக் கட்டடத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை நான் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரைப் பார்க்க வருகிறேன் என்று அதில் யாரும் ஒருநாளும் எழுதியதில்லை.

பெயர் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்று அந்தப் பையன் மலாயில் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்போது லிஃப்ட் திறந்தது. அதே இஸ்திரிச் சட்டை. தடியை ஊன்றி வந்து சோஃபாவில் உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். சாதாரண நீலச் சட்டையில் இருந்தேன். அவர் என்னைத் தாண்டிக் கூண்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். என் பக்கத்தில் யூனிஃபார்மில் நின்ற அந்தப் பையனும் கையைத் தூக்கினான்.

அந்தப் பாச்சிக், சோஃபாவில் இருக்கிற பெரியவர், உன்னிடம் பேசியிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, தினமும் பத்து மணிக்குக் கை காட்டுவார், ஏன் என்று தெரியாது, நானும் காட்டுவேன் என்றான். நான் வேலையை விட்ட மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் போனதே அவருக்குத் தெரியாது.

ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் சட்டத்தைப் பார்க்காமல் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். நான் சொல்லவில்லை. புத்தகத்தில் நான் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். நீ கையைத் தூக்காமல் இருந்துவிடாதே, என்று மட்டும் அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இங்கே செனாவாங்கில் பத்து மணி ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறேன். கால் மணி நேரம். எதற்கு என்று ஒரு லாரிக்காரன் கேட்டான். காலில் இரத்தம் ஓடுவதற்கு என்றேன்.