தலையணை உயரமாம்!

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை 'சிக்ஸர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ரேடியோவில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தால் அவள் போடும் கூச்சலில் உலர்த்தி இயந்திரங்களின் இரைச்சலே அமுங்கிப்போகும். ஆனால் இந்த வேலைக்கு வரும்வரை கிரிக்கெட் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தவள் நெட்டையக்கா.

நெட்டையக்கா, மடிக்கும் மேசையில் அவளுக்கு ஜோடி. பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகிப் போய் இழுக்க வேண்டும். நெருங்கும்போது ஒரு பேச்சு, விலகும்போது ஒரு பேச்சு என்று பொழுது போய்விடும். நெட்டையக்கா பச்சை அணிக்காக உயிரை விடுகிறவள். சிக்ஸர் சிவப்பு அணியைப் பிடித்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தால் அப்புறம் என்னத்தைப் பேசுவது?

"என்னக்கா, நேத்து உங்க ஆளுங்க பேட்டை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டாங்களாமே?"

"டாஸ் போச்சுடி. டாஸ் மட்டும் கிடைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி."

"போன மேட்ச்ல டாஸ் ஜெயிச்சும்தானே தோத்தீங்க?"

நெட்டையக்கா விரிப்பை வெடுக்கென்று இழுப்பாள். குள்ளமான சிக்ஸர் தடுமாறி மேசைமேல் சாய்வாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நெட்டையக்கா தொலைவில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதலில் ஒவ்வொரு மேட்சுக்கும் போனில் சண்டை நடந்தது. பிறகு "அப்புறம் பேசறேன்டி" என்று சொல்லி வைக்க ஆரம்பித்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சிக்ஸருக்கும் ரோஷம் வந்துவிட்டது. தானாகக் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த வருஷம் பச்சை அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. சிவப்பு முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த ஆட்டத்தில், கைக்குள் வந்து விழுந்த கேட்சைப் பச்சைக்காரன் ஒருவன் கோட்டைவிட, கோப்பையும் கூடவே போனது. சிக்ஸர் வீடு அதிரக் கத்தினாள். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மறுபடி தூங்கிப்போனார். அவள் கை போனை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது.

மறுநாள் சலவைக்கூடத்தில் ஒரே கொண்டாட்டம். பச்சை அணியின் கேப்டன் கொடுத்த பேட்டியை, சலவை இயந்திரம் ஓட்டுகிற மிஷின்காரர் அப்படியே நடித்துக் காட்டினார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சோப்புக் கரண்டியை மைக்காகப் பிடித்திருந்தார்.

"கேட்ச் விட்டப்போ வெயில் நேரா கண்ணுல அடிச்சிது. பிட்ச் காலையில ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருந்திச்சு. அப்புறம் ஹோட்டல்ல தலையணை ரொம்ப உயரம். பசங்களுக்குத் தூக்கமே இல்ல."

"தலையணை உயரமாம்!" என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வார்டுலேருந்து சின்னதா நாலு அனுப்பியிருப்போமே!" என்றாள் சிக்ஸர். சிரிப்பு இன்னும் ஏறியது. ஆனால் அவள் கண் மேசைக்கு எதிர்ப்பக்கம் போனது. அங்கே விரிப்பைப் பிடித்திருந்த புது ஜோடிக்காரி, "பாவம்க்கா, தூக்கம் இல்லன்னா மனுஷனுக்குக் கஷ்டம்தானே?" என்றாள். நல்லவள். விரிப்பைக்கூட மெதுவாகத்தான் இழுப்பாள். சிக்ஸருக்கு அன்று அந்த மெதுவைத் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் பின்வாசலுக்குப் போனாள். அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவே நின்று நெட்டையக்காவைக் கூப்பிட்டாள். என்னென்ன கேட்டு மானத்தை வாங்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தாள்.

"சொல்லுடி." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "குழந்தை தூங்குது."

"என்னக்கா, நேத்து..."

"நேத்துதானே ஃபைனல்? ஜெயிச்சோமா?"

"நீங்க பாக்கலையா?"

"டிவி மாப்பிள்ளை ரூம்ல இருக்குடி. அங்க போயி நான் எப்படி உக்காருறது? இங்க கிரிக்கெட் பேச்சே கிடையாது. சொல்லு, ஜெயிச்சோமா?"

"இல்லக்கா."

"எப்படித் தோத்தோம்?" என்று கேட்டாள் நெட்டையக்கா.

சிக்ஸர் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல, கேலிக்கு வைத்திருந்ததெல்லாம் வேறு மாதிரி வெளியே வந்தது. "அந்தக் கேட்ச்சுக்கு அவனைக் குத்தம் சொல்ல முடியாதுக்கா. வெயில் நேரா கண்ணுல அடிச்சிது. பிட்ச்சும் சரியில்ல. உங்க ஆளுங்க நல்லாத்தான் ஆடினாங்க." நேற்று கூரை பிய்யக் கத்தியவள்தான் இப்படிப் பேசினாள். "அதோட ஹோட்டல்ல தலையணை உயரமாம்க்கா. யாருமே தூங்கலையாம்."

"தலையணையா?" நெட்டையக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழந்தைக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. சிரிப்பு நின்றபின் சொன்னாள்: "அவன் சொன்னது நெசம்தான்டி. இங்கயும் தலையணை உயரம். வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே சரியில்ல."

சிக்ஸர் வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "திரும்பி வந்துடுங்களேன்க்கா" என்று கேட்க நினைத்தாள். எங்கே வருவாள்? இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டுத்தானே போனாள்? "சின்னதா ஒண்ணு கேட்டு வாங்குங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"கேக்கலாம். எதுக்கு, ஒண்ணொண்ணுக்கும் கேட்டுட்டு." குழந்தை சிணுங்கியது. "எழுந்துட்டான்டி, வெச்சிடறேன்."

உள்ளே வந்ததும் மிஷின்காரர், "பேட்டி இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கரண்டியைத் தூக்கினார்.

"போதும் விடுங்கண்ணே. நெசமாவே வெயில் அடிச்சிருக்கும்."

"அடிப்பாவி! நீ எப்போ கட்சி மாறினே?"

அவள் முகம் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சிக்ஸர் ரோஷம் பார்ப்பதில்லை. அடுத்த வருஷம் முதல் ஆட்டமே சிவப்புக்கும் பச்சைக்கும் அமைந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு பந்துக்குப் பந்து அவளே சொன்னாள். பச்சைக்காரன் ஸ்டம்ப் பறக்க அவுட் ஆனதையும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னடி இது, துக்கம் விசாரிக்கிற மாதிரி? கேலி பண்ணித் தொலையேன்!" என்று நெட்டையக்கா அதட்டினாள்.

சிக்ஸர் குரலை உயர்த்தினாள். "உங்க ஆளு பேட்டைப் பிடிச்சிருந்தானா, இல்ல விளக்குமாத்தையா?"

"ஷூ லேஸ் அவுந்திருக்கும்டி!"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ "அத்தை" என்று கூப்பிடும் குரல் கேட்டது. "இதோ வரேன்" என்றாள் நெட்டையக்கா. போன் கட் ஆனது. டிவியில் அடுத்த ஓவர் தொடங்கியிருந்தது. சிக்ஸர் அதைப் பார்க்கவில்லை. ஒருவேளை உடனே திரும்பக் கூப்பிடுவாளோ என்று போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.