வகிட்டில் சாம்பல்

கீமோ ஆரம்பித்த அன்று நர்ஸம்மா என் தலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். எனக்கு ஏற்றுகிற மருந்தில் முடி மொத்தமாகக் கொட்டாதாம், மெலியுமாம். டை அடிக்கக் கூடாது, சூடு எண்ணெய் கூடாது, இறுக்கிப் பின்னக் கூடாது. குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, டை மட்டும் கொஞ்சூண்டு அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். உயிர் பிழைக்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று பக்கத்துக் கட்டில்காரி ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும். என் கவலை எனக்கு.

எனக்கு டை அடித்துவிடுவது என் வீட்டுக்காரர். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் பெயிண்டர். முப்பத்தைந்து வயதில் எனக்கு முதல் நரை வந்தபோது, "கப்பலுக்கே அடிக்கிறேன், உன் தலக்கி அடிக்க மாட்டனா" என்று அவரே பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு கொதித்து அடங்குகிற நேரத்தில், என்னைக் குட்டை ஸ்டூலில் உட்காரவைத்து வகிடு வகிடாகப் பிரித்து அடிப்பார். காதில் பட்டால் திட்டுவேன். "ஆடாதமே, கப்பலே ஆடாம நிக்குது, உனுக்கு இன்னா" என்பார். கிண்ணத்தில் மிச்சமிருப்பதை அவர் மீசைக்கு நான் தடவிவிடுவேன். எங்கள் வீட்டில் கொஞ்சல் குலாவல் எல்லாம் அவ்வளவுதான். அதிலேயே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு ஒருநாள் காலையில், என் தலையணையில் கிடந்த முடியை அவர் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டார். அதற்குப் பிறகு என் தலைப்பக்கம் அவர் கை வரவே இல்லை. சோறு வடிப்பார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார், கால் கடுத்தால் அமுக்கிவிடுவார். தலை மட்டும் அடுத்த வீட்டுச் சாமான் மாதிரி. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. போகப் போகக் கோபத்துக்கும் தெம்பில்லாமல் ஏக்கம் மட்டும் நின்றது. ஊசியைப் பொறுத்துக்கொண்டேன், வாந்தியைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

நரைதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். டை நின்றதில் வேரில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதற்கு நடுவில் தலைத்தோல் வேறு தெரிந்தது. பார்க்கவே கலீஜாக இருக்கிறேன், அதனால்தான் மனுஷன் ஒதுங்குகிறார் என்று தோன்றியது. அடுத்த தடவை போனபோது நர்ஸம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் டாக்டரிடம் போய்க் கேட்டுவந்தார். வேருக்குத் தட்டிக்கொள்கிற கறுப்புப் பவுடர் போடலாமாம். புண் இருக்கிற இடத்தில் படக் கூடாது. முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும். படுக்கும் முன் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினேன். தினமும் சாயங்காலம் கண்ணாடி முன் நின்று, பஞ்சால் ஒற்றி ஒற்றி வெள்ளையை மூடுவேன். குழந்தைக்கு வாங்குகிற மெத்தென்ற பிரஷ்ஷால் நுனியிலிருந்து மெல்ல வாரி, தளர்வாக ஒரு கிளிப் போடுவேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் வரும் நேரத்துக்கு வெட்கம்கெட்டு வாசலிலேயே நிற்பேன். அவர் பையை வைப்பார், "துன்னியா?" என்று கேட்பார், கை கால் கழுவப் போய்விடுவார். இரண்டு மாதம் இப்படியே போனது. வியர்வையில் கறுப்பு நெற்றிக்கு வழிந்ததுதான் நான் கண்ட பலன்.

நாங்கள் இருப்பது காத்திவாக்கம். எண்ணூர் அனல்மின் நிலையத்துக் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டால் கொடித்துணி, கோலம், தலை என்று எல்லாவற்றிலும் சாம்பல் படியும். வெளியிலிருந்து யார் வந்தாலும் தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவோம். செருப்பைக் கழற்றுவது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அப்படிக் காற்றடித்த ஒரு சாயங்காலம் எனக்குப் பவுடர் போடக்கூடத் தெம்பில்லை. கொடியில் கிடந்த துணிகளை மட்டும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்று சீக்கிரம் வந்திருந்த வீட்டுக்காரர், "இருமே, தலயெல்லாம் சாம்பல் கீது" என்று தோள் துண்டால் என் வகிட்டைத் தட்டினார்.

நான் அசையவில்லை. தட்டியும் போகாததால் துண்டின் முனையை நனைத்து ஒற்றினார். அதற்கும் போகவில்லை. விரலாலேயே தடவினார். எத்தனை மாதம் கழித்து அந்த விரல். அது நரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாரே.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. விரல் நின்றது.

"அது போவாதுய்யா. நரை," என்றேன். "அசிங்கமா கீதா? அதான் இத்தினி நாளா கிட்டயே வர்லியா?"

"அசிங்கம்னு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனுக்குக் கண்ணு இல்ல?"

அவர் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். "தொட்டா கொட்டிடுமோன்னு பயந்துகினு கீறேன்," என்றார். "உப்புத்தாள் தேய்க்கிற கை இது. மருந்துல போறது போவட்டும், என் கையால போவக் கூடாதுன்னு." சொல்லிக்கொண்டே கையை விரித்தார். என் முடி நாலு அதில் ஒட்டியிருந்தது. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி அவர் முழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதற்கா இந்த மனுஷன் இத்தனை நாள் என்னைப் பட்டினி போட்டார்.

துணிமூட்டையை அப்படியே போட்டுவிட்டு அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"போற முடி நீ தொட்டாலும் போவும், தொடாங்காட்டியும் போவும்," என்றேன். "நீ தொடுய்யா."

தொட்டார். விளக்குப் போடுகிற நேரம் தாண்டியும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.