வட்டிலப்பம் இருந்த பக்கம்

கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் நான்காம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம் அது. பாடசாலைகளை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். பிள்ளைகளின் பைகளைக் கேட்டிலேயே கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம். பென்சில் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தோம். அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஏதோ ஒரு நிறுவனம் எங்களுக்கு ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் அனுப்பியது.

எல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். பக்கத்தின் மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். ஒரே தெருவில் நான்கு வீடுகள், நான்கு பிள்ளைகள். ஒருவன் சிங்களவன், ஒருத்தி தமிழ், ஒருத்தி முஸ்லிம், ஒருவன் பறங்கி. வெசாக், தீபாவளி, பெருநாள், நத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வீட்டில் மற்ற மூவரும் கூடிச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் கதை. தாள் வழவழவென்று இருந்தது. படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கதைப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் ஆளுக்கொன்றாக எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்கள்.

என் வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை. ஒன்பது வயதுச் சிறுமி. அவளுடைய வாப்பா, பேக்கரியில் சுட்ட பாணை வாசலுக்கு வாசல் கொண்டுவந்து விற்கும் பாண் ஆட்டோக்காரர். காலை ஆறு மணிக்கெல்லாம் அந்த ஆட்டோவின் பாட்டு மலையடியில் கேட்கத் தொடங்கும். வளைவுகளில் மறைந்து மறைந்து கேட்கும். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் பாணையும் பணிஸையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவார்கள். எட்டு வருடமாக அவர்தான் எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார். எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பதுவரை அவருக்குத் தெரியும். அவர் மகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் சுற்றி நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவளும் அவர்களுடைய ரொட்டியையும் சம்பலையும் பிய்த்துத் தின்பாள்.

குண்டு வெடித்து மூன்று நான்கு வாரம் இருக்கும். வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்றதும் எல்லா முஸ்லிம்கள் மேலும் சந்தேகம் விழுந்திருந்தது. முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் பிள்ளை பிறக்காமல் இருக்க மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. போனில் வந்தது, டவுனில் வந்தது, கொழுந்து மலையில் வந்தது. நான் நம்பவில்லை. நான் படித்தவள். ஆனால் ஒரு நாள் காலை ஆட்டோப் பாட்டு கேட்டபோது நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போகவில்லை. மாவு பிசைந்து ரொட்டி சுட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகள் யாரும் வாங்காதபோது நான் மட்டும் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. மறுநாளும் ரொட்டி. அதற்குப் பிறகு அதை யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

புத்தகம் வாசிக்கும் நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கும் போட்டோ வேண்டுமாம். முக்காடு போட்ட அந்தச் சிறுமியை முன்வரிசையின் நடுவில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பொட்டு வைத்த பிள்ளைகள் இரண்டு பேர். போட்டோ நன்றாக வந்தது. அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கதையை வாசிக்கத் தொடங்கினேன்.

வெசாக் விளக்குக் கூடு, தீபாவளி முறுக்கு. பிள்ளைகள் படத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள். மூன்றாவதாகப் பெருநாள். முஸ்லிம் பிள்ளையின் உம்மா முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து வைக்கிறார், நாலு கைகள் அதை நோக்கி நீள்கின்றன. அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றது.

"டீச்சர், அத தின்னக் கூடாது. அதுல மருந்து போடுறாங்களாம். தின்னா புள்ள பொறக்காதாம். எங்கம்மா சொல்லிச்சு."

அந்தப் பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழைத் தண்ணியில் விளையாடாதே என்று சொல்வதுபோல்தான் சொன்னது. சிலர் சிரித்தார்கள். முன்வரிசைச் சிறுமி என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

"சரி சரி, பேச்சு வேணாம். அடுத்த பக்கத்துக்குப் போவோம்" என்றேன்.

பக்கத்தைப் புரட்டி, கிறிஸ்மஸ் மரம் நின்ற நத்தார்ப் பக்கத்தை வாசித்தேன்.

இதை எத்தனையோ தரம் எனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது பொய் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த வாப்பாவின் பாணைத்தான் நீங்கள் எல்லோரும் இவ்வளவு காலம் சாப்பிட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. அதில் யாரும் யாரையும் பார்த்துப் பயப்படவே இல்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோ வீட்டிலிருந்து பயத்தைக் கொண்டுவந்தவர்கள்.

மறுநாள் அவள் தனியாகச் சாப்பிட்டாள். அதற்கு மறுநாள் வரவில்லை.

எங்கள் பாடசாலை அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன்தான். அவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பெரிசாக்காதேங்கோ டீச்சர். பிள்ளையள் இண்டைக்குச் சொல்லுவினம், நாளைக்கு மறந்துபோவினம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னேரம், அப்படிச் சொன்ன பிள்ளையின் லயத்துக்கே போனேன். அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையில் போட்டிருந்த ரப்பர் சீட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. என்னைக் கண்டதும் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, புள்ளைக்கிட்ட அப்படியெல்லாம் சொல்லலாமா? அந்தப் புள்ள எவ்வளவு கவலப்பட்டிருக்கும்?"

"நான் மட்டுமா டீச்சர் சொல்றேன்? தோட்டமே சொல்லுது."

"அதெல்லாம் பொய்க்கா."

"பொய்யா?" அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நீங்க அவருகிட்டதான் இன்னும் பாண் வாங்குறீங்களா டீச்சர்?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"இல்ல, குத்தமா கேக்கல. டீச்சரே வாங்குறாங்கன்னா நாங்களும் பயமில்லாம வாங்கலாமேன்னுதான் கேட்டேன்."

அவர் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை. அந்தப் பெண் என்னைக் குத்திக்காட்டவில்லை. என்னைப் பார்த்து நடந்துகொள்ளத் தயாராக இருந்தார். அவரைப்போல எத்தனை பேர் இருந்தார்களோ.

மறுநாள் ஐந்தரைக்கே ரோட்டில் போய் நின்றேன். பனி இறங்கி எதிரில் இருப்பது தெரியவில்லை. ஆறு மணியாயிற்று, ஆறரை ஆயிற்று. பெரட்டுக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்தபடி விலகிப் போனார்கள். ஆட்டோ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் நின்றேன். யாரும் வாங்காத ரோட்டில் அவர் ஏன் வரப்போகிறார்?

ஒரு வாரம் கழித்து அவரே பாடசாலைக்கு வந்தார், வேறு பாடசாலையில் சேர்க்க மகளின் விடுகைப் பத்திரம் வாங்க. மகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"யாவாரம் இல்ல டீச்சர். கண்டிப் பக்கம் பொஞ்சாதியோட ஊருக்குப் போறோம்."

"மகள் எப்படி இருக்கா?"

"இருக்கா. பேச்சுத்தான் கொறஞ்சிடுச்சு. இங்க உள்ள கூட்டாளிங்கள உட்டுட்டுப் போறதுதானே."

நான் தலையை ஆட்டினேன். பத்திரத்தில் 'நடத்தை மிகவும் நன்று' என்று எழுதி, அதிபரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கேட் வரை கூடப் போனேன். வகுப்பில் நடந்ததை அப்போதும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் நிறுவனத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. கூடவே எங்கள் போட்டோ போட்ட ஒரு காலண்டர். அதிபர் அலுவலகத்தில் மாட்டினார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே போவேன்.

பிறகு எனக்கு டிக்கோயாப் பக்கம் மாற்றம் கிடைத்தது. கொரோனா வந்து போனது, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசை நின்ற காலமும் போனது. போன வருடம், ஒரு மழைநாள் மத்தியானம், ஹட்டன் பஸ் நிலையத்தில் குடையை மடக்கிக்கொண்டு திரும்பியபோது எதிரில் அந்தச் சிறுமியின் வாப்பா. தாடி நரைத்திருந்தது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"டீச்சர்! சொகமா இருக்கீங்களா?"

இப்போது வேறு ஒருவருடைய பேக்கரியில் மாவு குழைக்கிறாராம். கல்யாண வீடு ஒன்றுக்கு வந்தவர் திரும்பிப் போகிறார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம்.

"ஒங்கள இன்னமும் சொல்லுவா டீச்சர். கத நல்லா வாசிப்பாங்கன்னு. தம்பிக்கு அதே மாதிரி வாசிச்சுக் காட்டுவா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று வகுப்பில் நடந்ததை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. ஒன்பது வயதில் தன் வாப்பாவிடம் அதை மறைத்திருக்கிறாள்.

மழை தகரக் கூரையில் கொட்டியது. அவருடைய பஸ் வந்து நின்றது, ஆட்கள் முட்டி மோதி ஏறினார்கள். நான் அவருடைய கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, சொல்லிவிட்டேன். பிள்ளை எழுந்து சொன்னது, நான் பக்கத்தைப் புரட்டியது, பாண் வாங்காமல் இருந்தது, எல்லாவற்றையும்.

அவர் கடைசிவரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவகிட்ட நான் பேசலாமா? போன் நம்பர் குடுங்க. மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம் டீச்சர்" என்றார். "அவ ஒங்கள நல்ல மாதிரித்தான் நெனச்சிட்டு இருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப் போய்ப் பின்கதவில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். கண்ணாடி முழுக்க நீராவி. உள்ளே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.