சாவுக் காகிதத்தில் ஒரு பெயர்

என் அலுவலகக் கதவில் 3A என்று ஒட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்து அறை 3, அந்தப் பக்கத்து அறை 5. நான்கு என்ற எண்ணே இந்தக் கட்டடத்தில் கிடையாது. சீன மொழியில் நான்கைச் சொன்னால் சாவைச் சொன்னதுபோல் காதில் விழுமாம். அதனால் துறைமுக ஊரான கிள்ளானில் பல கட்டடங்களில் இப்படித்தான். சாவை வாசல் எண்ணாகக்கூட வைக்கப் பயப்படும் இடத்தில் வாடகைக்கு அறை எடுத்து, ஆயுள் காப்புறுதியும் மருத்துவக் காப்புறுதியும் விற்கும் தனி ஏஜென்சி ஆரம்பித்தேன். நம் ஊரில் காப்பீடு என்போம், இங்கே காப்புறுதி. அறையின் சொந்தக்காரர் லிம் அங்கிள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்சூரன்ஸ் ஓகே லா. பட் டோன்ட் டாக் டை, டை இன் மை காரிடார், ஆ," என்றார். தன் தாழ்வாரத்தில் சாவுப் பேச்சு வேண்டாம் என்பதை இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, தமிழர்களாவது வேறு மாதிரி இருப்பார்கள் என்று பார்த்தால், கீழே துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் காலையில் நான் படியேறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "போணி ஆவட்டும்கா, அப்புறம் வாங்க பேசுவோம்" என்கிறார். முதல் வியாபாரத்துக்கு முன்னால் இன்சூரன்ஸ்காரியைப் பார்க்கக் கூடாதாம். மத்தியானம் அதே மனிதர் எனக்குத் தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கித் தருவார்.

நான் விருதுநகர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் இங்கேயே பிறந்தவர், துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறார். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, ஐசி, என்னிடம் இருக்கிறது, அதனால்தான் இந்தத் தொழில் செய்ய முடிகிறது. வேலை பெர்மிட்டில் வந்திருக்கும் தம்பிகள் 'அக்கா, நானும் பார்ட் டைமாகச் செய்யலாமா' என்று எனக்கு எழுதுகிறார்கள். செய்ய முடியாது. வேலையும் போகும், பெர்மிட்டும் போகும். இதற்கு மேல் நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலில் பெட்டாலிங் ஜெயாவில், ஏஜென்ட்களை வைத்து நடத்தும் ஒரு லீடரின் கீழே வேலை செய்தேன். திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் நிற்க வைத்துக் கை தட்டச் சொல்வார். "நான் ஜெயிப்பேன்" என்று கத்தச் சொல்வார். வாடிக்கையாளரிடம் சாவு என்ற சொல்லே வரக் கூடாது, "எதிர்பாராத நிகழ்வு" என்று சொல்ல வேண்டும் என்பார். "நீ ரொம்ப நேராப் பேசுற. கஸ்டமர் பயந்துருவான் லா," என்று என்னைத் திட்டுவார். செத்த பிறகு குடும்பத்துக்குப் பணம் தருகிற ஒப்பந்தத்தை, சாவு என்று சொல்லாமல் எப்படி விளக்குவது? நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. காப்புறுதி நிறுவனத்திடம் நேராகப் போய்த் தனி ஏஜென்சி கேட்டேன். ஒரு வருடம் அவகாசம் தந்தார்கள். அதற்குள் போதுமான வியாபாரம் காட்டாவிட்டால் ஏஜென்சி போய்விடும். மறுபடி அந்த லீடரின் முன்னால் நின்று கை தட்ட வேண்டும். அதைவிட மீன் சந்தையில் மீன் கழுவலாம்.

பாதி வருடத்துக்கு மேல் போனபோது என் கையில் இருந்த ஒரே பெரிய நம்பிக்கை தனபாலன் அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆயுள் காப்புறுதி, கடையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் மருத்துவமும் விபத்தும். இது வந்தால் வருடம் தாண்டிவிடும், வராவிட்டால் கதவில் இருக்கும் 3A-வைக் கழற்றி லிம் அங்கிளிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து போனேன். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவில் அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா சில்லறை பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சுமுகமாகப் போனது. கடைசியில், தனபாலன் அண்ணன் இறந்தால் பணம் யாருக்கு என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்தோம்.

"எங்கண்ணன் பேரைப் போடு," என்றார்.

"அக்கா பேருண்ணே?"

"சீ, வாயக் கழுவு. தாலி கட்டுன பொண்டாட்டி பேர சாவுக் காகிதத்துல எழுதுவாங்களா? என் கையாலயே அவ பூவ எடுக்கச் சொல்றியா?"

"அப்ப புள்ளைங்க?"

"புள்ளைங்க பேரா? நீ என்னாம்மா, வூட்டயே தொடச்சுருவ போலிருக்கே."

என் அப்பாவும் இதையேதான் சொன்னார். விருதுநகரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். மார்ச் மாதம் வந்தால் வரி மிச்சம் பண்ண இன்சூரன்ஸ் ஏஜென்ட் வருவார். கேசரியும் காபியும் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவார். அங்கேயும் யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை, வரியைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மாவின் பெயர் வேண்டாம், அபசகுனம் என்று அப்பா பெரியப்பாவின் பெயரைப் போட்டார். அப்பா திடீரென்று போனார். பெரியப்பா ஒரு பைசாவைக்கூட ஏமாற்றவில்லை. இதைச் சொன்னால், அப்புறம் உனக்கு என்ன கோபம் என்று கேட்பார்கள். எனக்கு அதுதான் கோபம். பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். கண் ஆஸ்பத்திரிக்கு நிற்பாள். தீபாவளித் துணிக்கு நிற்பாள். "எவ்வளவு வேணும்?" என்று கேட்டு அவர் கொடுப்பார், "எதுக்கு?" என்றும் கேட்பார். தன் புருஷன் தனக்காக விட்டுப்போன பணத்துக்கு அம்மா காரணம் சொல்லிச் சொல்லி வாங்கினாள். நல்ல மனிதர் என்று ஊரே பெரியப்பாவைச் சொல்லும். அம்மாவும் சொல்லுவாள்.

இதெல்லாம் தனபாலன் அண்ணனுக்குத் தெரியாது. அவரிடம் சட்டத்தை மட்டும் சொன்னேன். இங்கே முஸ்லிம் அல்லாதவர் மனைவி, பிள்ளைகள் பெயரைப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். அவர்கள் உயிரோடு இருக்கும்போது அண்ணன் பெயரைப் போட்டால், அண்ணன் வாங்கிப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான். பிரித்துக் கொடுக்கிறாரா என்று யார் போய்ப் பார்ப்பது?

"எங்கண்ணனத் திருடன்னு சொல்றியா?"

"இல்லண்ணே. அக்காவ அவரு வாசல்ல நிக்க வைக்காதீங்கன்னு சொல்றேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஊர்லேர்ந்து வந்துட்டு எங்களுக்குப் பாடம் நடத்துறியா? எங்க பழக்கம் ஒனக்குத் தெரியாது லா."

"இந்தப் பழக்கம் எங்க ஊர்லேர்ந்துதாண்ணே கப்பலேறி வந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும்," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. பேசாம நான் இத எடுத்துட்டுப் போகமாட்டேன்."

அவர் என் கண் முன்னாலேயே போனை எடுத்து தன் கடைக்கும் வந்துபோகும் என் பழைய லீடரின் பெயரைத் தேடினார், வியாபாரத்தை அவரிடம் கொடுக்க. பரமேஸ்வரி அக்கா சில்லறையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் கணவர், "வாடிக்கையாளர் சொன்ன பேர எழுதுறதுதானே ஒன் வேலை? கொஞ்சம் சாஃப்டாப் பேசிருக்கலாம்," என்றார். அவர் சொன்னது நியாயம்தான். யார் பெயர் என்று முடிவு செய்யும் உரிமை வாடிக்கையாளருக்குத்தான். ஆனால் படிவத்தின் அந்தக் கட்டத்தில் என் கையால் அவருடைய அண்ணன் பெயரை எழுதிக் கொடுப்பதற்கு எனக்குத் தனி ஏஜென்சி எதற்கு? அதை லீடரின் கீழேயே செய்திருக்கலாமே. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பரமேஸ்வரி அக்கா கிள்ளானுக்கே வந்துவிட்டார். தனியாக, ரயிலில். கீழே பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறி வந்து உட்கார்ந்தார். "என் பேர்ல ஒண்ணு எடுக்கணும்," என்றார். கடையில் பங்குதாரர் என்பதால் அவருக்கும் சொந்த வருமானம் உண்டு. விவரங்களை எழுதினேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். பணம் யாருக்கு என்று கேட்கும் இடம் வந்தது.

"அவர் பேரு," என்றார் உடனே.

"அக்கா, நீங்க செத்தா அவருக்குன்னு அர்த்தம். பரவாயில்லையா?"

"சுமங்கலியாப் போறது பாக்கியம்தானே லா. தாராளமா எழுது. எழுதிட்டு ஒரு காப்பி கொடு." தலைப் பூவைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எங்க வூட்டு ஆம்பளைக்கு என் சாவு பாக்கியம், அவரு சாவு அபசகுனம். நான் இன்னிக்குப் போயி அவர்ட்ட இதக் காட்டி, நான் செத்தா ஒங்களுக்கு, நீங்க செத்தா யாருக்குன்னு கேக்கப் போறேன். அவரு என்னா சொல்றாருன்னு பாப்பம்," என்றார். கல்லாவில் வாயே திறக்காத பெண். நான் இத்தனை நாள் மேடை போட்டுப் பேசியும் சொல்ல முடியாததை அவர் அதே வழக்கத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தனபாலன் அண்ணன் போன் செய்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "வாம்மா. நல்ல நேரம் பாத்து வெச்சிருக்கேன்," என்றார். போனேன். ஒரு நிபந்தனை வைத்தார். இருவர் காகிதமும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் கையெழுத்தாக வேண்டும். யார் சாவும் முந்தக் கூடாது. மனைவி பெயரை அவரே எழுத மாட்டார், நான்தான் நிரப்ப வேண்டும். நான் எழுதும்போது சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டதும் அக்காவிடம், "சந்தோசமா? இனிமே ரசத்துல வெசம் வெக்காத," என்றார். "ஒங்க ரசத்துக்கு வெசமே தேவையில்ல," என்றார் அக்கா. சமையல்கட்டுவரைக்கும் சிரிப்புக் கேட்டது. ஏஜென்சி தப்பித்துவிட்டது என்று அந்தச் சிரிப்பில்தான் எனக்கே உறைத்தது. உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

அப்புறம் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். புதுக்கோட்டை, இராமநாதபுரம், அறந்தாங்கி. இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. இங்கே இறந்துபோனால் உடலை அனுப்பி வைக்கவும் இந்தக் காப்புறுதியில் இடம் இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒளிக்காமல் கேட்டேன். ஊருக்கு, ஊருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். யாரும் யோசிக்கவில்லை. சிலர் முகவரியைக் கேட்காமலேயே ஒப்பித்தார்கள். கடைசியாக வந்தவர் பரோட்டா போடும் செல்வம், நரைத்த மீசைக்காரர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒங்கள எங்க அனுப்பணும்மா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் ஆளுங்க இங்கதான் எரிப்பாங்க."

"அவங்க எங்க எரிப்பாங்கன்னு நான் கேக்கல. ஒங்களுக்கு எங்க போவணும்?"

"கல்லு காயுது, போயி வேலையப் பாருங்கண்ணே," என்றேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுபாங் ஜெயா தாண்டியது, ஷா ஆலம் தாண்டியது. விருதுநகர் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே எனக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கிறார்கள்? அம்மாவும் தம்பியோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். கிள்ளான் என்று சொல்லிப் பார்த்தேன். சாம்பலைத் துறைமுகக் கடலில் கரைப்பார்கள். அந்தக் கடலின் எதிர்க்கரை நம் ஊர் என்று வந்த புதிதில் நம்பிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரை சுமத்ரா. மற்ற எல்லாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள் நான். எனக்கென்று ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை. கிள்ளான் வந்தது, ரயில் அதற்கு மேலும் துறைமுகம்வரை போகும். நாளைக்குக் காலை அறையைத் திறக்க வேண்டும், அதனால் இறங்கினேன். செல்வத்தின் கேள்வி இறங்கவில்லை. அது என் இருக்கையிலேயே உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.