அண்ணனுக்கு அளவு கூடியிருக்கு

எங்கள் அண்ணன் சுருளி வாயைத் திறந்தால் பெருமைதான். பரவை மார்க்கெட்டில் குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றி, வாடிப்பட்டி வரைக்கும் கடை கடையாக இறக்குவார். பதினெட்டு வருஷம். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் போன ஆடியில் வாடிப்பட்டியைத் தாண்டி, லோடோடு திண்டுக்கல்லில் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டார். "கனகு, நான் எங்க இறக்கணும்?" வயசு ஐம்பத்தெட்டுதான்.

நான் காளவாசலில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டிய நரம்பு டாக்டர் ஸ்கேனோடு ஒரு புது ரத்தப் பரிசோதனையும் எழுதினார். மூளையில் அல்சைமர் நோய் தொடங்கியிருந்தால், டௌ என்கிற புரதம் ரத்தத்தில் கூடுமாம். முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துத்தான் பார்ப்பார்கள். நானே ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அளவு ஏகத்துக்கும் அதிகம். டாக்டரிடம் ஓடினேன்.

"அல்சைமர்தாம்மா. மாத்திரை தர்றேன், கொஞ்ச நாளைக்குத் தாக்குப்பிடிக்கலாம். போனதத் திருப்ப முடியாது."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இத்தனூண்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, தீர்க்கத் தெரியாதா? தெரியாதென்றால் எதற்கய்யா கண்டுபிடிக்கிறீர்கள்?

வீட்டுக்குப் போனதும் அண்ணன் கேட்டார். "என்ன கனகு, ரிப்போர்ட்டு வந்துருச்சா?" உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சுகர் பார்க்க வருகிறவர்களிடம் அன்றாடம் சொல்கிற பேச்சுதான் வாயில் வந்தது.

"அளவு கொஞ்சம் கூடியிருக்குண்ணே."

"அம்புட்டுத்தானா! வாயக் கட்டிக் கொறச்சிருவோம்."

அன்றோடு பரோட்டா, கறி, டீக்குச் சர்க்கரை எல்லாம் போச்சு. மூன்று வேளையும் கேப்பைக் களி. காலையில் கண்மாய்க் கரையில் நாலு நடை. அவர் மனைவி சுந்தரம்மாள் மதினி என்னிடம் வந்து அழுதார். "எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. நெசத்தச் சொல்லிரு கனகு."

"நீங்க சொல்லுங்களேன் மதினி!" என்று எரிந்து விழுந்தேன். அவரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணன் லேபுக்கு வந்தார். சட்டை தோளில் தொளதொளத்தது. கையை மடித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "ஒரு மாசமா வாயக் கட்டிருக்கேன். எடுத்துப் பாரு, பாதியாக் கொறஞ்சிருக்கும்."

இது வாயைக் கட்டினால் குறைகிற அளவு இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொல்லவில்லை. ரத்தம் எடுத்தேன். அவர் போனதும் குழாயைக் கழிவு வாளியில் போட்டேன். சாயங்காலம் போன் போட்டு, "கொறஞ்சிருச்சுண்ணே, இனி கறி சாப்பிடலாம்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அன்றைக்கு மதினி ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தார். அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மறுநாள் காலையில் லேபைத் திறந்தால் வாசலில் அண்ணன் நிற்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். முந்தின நாள் குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அதை அவரே தடவிப் பார்த்துவிட்டு, "எதுவோ பூச்சி கடிச்சிருக்கு" என்றார்.

"எடு கனகு. ஒரு மாசமா வாயக் கட்டிருக்கேன். நேத்துக்கூடக் களிதான்."

பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் ஊசியைப் பிரித்தேன்.

"அந்தக் கைய நீட்டுங்கண்ணே" என்றேன்.