கீழ்வீட்டுக்காரரின் பதக்கம்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வயோதிபத் தம்பதியர் வாழ்ந்தனர். அவர் டெனிஷ்காரர், அம்மையார் ஜெர்மன்காரி. நானும் என் மனைவியும் அவர்களுக்கு நேர் மேலே இருந்தோம். எங்களுக்கும் மேலே, கூரையை ஒட்டிய சிறிய வீட்டில், எங்களைப் போலவே இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த மூன்று இளைஞர்கள் ஒன்றாகச் சமைத்து உண்டு வாழ்ந்தனர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரிலிருந்து வரும் செய்திகள் யாவும் துக்கச் செய்திகளாகவே இருந்த காலம்.

அந்தக் கட்டடத்திலிருந்த டெனிஷ்காரர்களில் என்னோடு நெடுநேரம் உரையாடக்கூடியவர் கீழ்வீட்டுக்காரர் ஒருவரே. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட நான், ஒரு அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து ஆங்கிலம் கற்றிருந்தேன். அவரோ இளமையில் அமெரிக்காவுக்குச் சென்று பண்ணைகளில் உழைத்தவர். நிலத்தடியில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் இருந்த அறையில், இயந்திரம் சுழன்று முடியும் வரை ஒரு மரவாங்கில் அமர்ந்து நாங்கள் கதைப்பது வழக்கம். அந்த வாங்கில் வைத்துத்தான் அவர் தமது மரணத்தைப் பற்றி இரண்டு விருப்பங்களைக் கூறினார். பெட்டியை மனிதர்கள் கையால் தூக்கிச் செல்ல வேண்டும். ஊர் திரும்பிய பின் பால் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை வண்டி தள்ளியவரை வண்டியில் வைத்துத் தள்ளக் கூடாது. அந்தப் பெட்டியின் மேல், ஊரார் யாவரும் காணும்படி, அவருடைய பதக்கம் இருக்க வேண்டும்.

பதக்கம் அவர்களுடைய முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வெண்கலத்தாலானது. பாதி கறுப்பும் பாதி சிவப்புமாய், ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கரையிட்ட நாடா. முன்பக்கத்தில் ஜெர்மனியிலுள்ள ஒரு பாலத்தின் கோபுரங்கள். பின்பக்கத்தில் ஜப்பானின் பனிமலை. இரண்டு நாடுகளிலும் காவலிருந்த படையினர் எல்லோருக்கும் ஒரே பதக்கத்தையே வார்த்துக் கொடுத்தார்களாம். "அந்த மலையை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை," என்று அவர் ஒருநாள் சட்டத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டிச் சிரித்தார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டவர் அவர். துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர், வெல்லப்பட்ட ஜெர்மன் நகரமொன்றில் ஆக்கிரமிப்புப் படையின் சேவையில் இருந்ததற்காக வழங்கப்பட்டது அது.

மே மாதத்து மாலை ஒன்றில் இந்த நாட்டார் தங்கள் சன்னல்களில் மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். தங்கள் மண்ணிலிருந்த ஜெர்மன் படைகள் சரணடைந்த செய்தி கிடைத்த மாலையின் நினைவாக அவ்வாறு செய்வது வழக்கம். எங்கள் தெருவில் கீழ்வீட்டுச் சன்னல் மட்டும் இருண்டு கிடந்தது. காரணம் கேட்டபோது அவர் சொன்னார்: "அந்த வருடங்களில் நான் இங்கே இல்லை. அவளோ மறுபக்கத்தில் இருந்தாள். எந்த முகத்தோடு நாங்கள் திரி கொளுத்துவது?" ஜெர்மன் மனைவியோடு ஊர் திரும்பிய நாளில் அவருடைய தமையன் கதவைத் திறக்கவில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பதக்கம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதன் காரணம் அதன்பின் எனக்கு ஓரளவு விளங்கியது. தானும் ஜெர்மனியை வென்ற பக்கத்தில் நின்றவர் என்பதை ஊரார் ஒருமுறையாவது காண வேண்டும் என்று எண்ணினார் போலும்.

கார்த்திகை மாதத்தில் அவர் இறந்தார். மறுநாள் அம்மையார் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னொருபோதும் அவர் மேலே வந்ததில்லை. கறுப்பு உடுப்புக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த சமையல் கவசத்தை அவிழ்க்க மறந்து வந்திருந்தார். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும் என்றும், கணவருடைய தமையனின் மகனும் கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதருமாக இருவர் மட்டுமே கிடைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "நீங்களும் மேலே இருக்கும் இளைஞர்களும் வருவீர்களா? இல்லாவிட்டால் வண்டிதான் என்கிறார்கள்." நான் சம்மதித்து, அவர் இறங்கிப் போனதும் மேலே சென்றேன்.

மூவரும் அடுப்படியில் நின்றார்கள்.

"செத்தவருக்குத் தோள் குடுக்கிறதுக்குக் கேக்கவும் வேணுமே, அண்ணை? வாறம்," என்றான் மூத்தவன். முப்பதை நெருங்கியவன், மற்ற இருவரும் அவன் சொல்லைத் தட்டாதவர்கள்.

"கோட்டுக்கு எங்க போறது?" என்றான் இளையவன். "என்னட்ட இருக்கிறது அகதி முகாமில தந்த பச்சைக் கம்பளி ஜம்பர்தான்."

"அதைப் போட்டுக்கொண்டு போனியெண்டா செத்தவர் எழும்பி ஓடிப்போவார்," என்றான் நடுவிலான். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பெட்டியின் மேல் அது இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிப்பது முறையென்று எனக்குப் பட்டது.

மூத்தவன் அகப்பையைக் கீழே வைத்தான். "என்ன மெடல்?"

"ஆமியில இருந்தவர். ஜெர்மனியில."

"சண்டை பிடிச்சவரோ?"

"இல்லை. சண்டை முடிஞ்சாப் பிறகு. பிடிச்ச ஊரில காவல் இருந்ததுக்குக் குடுத்தது."

"அப்ப காம்ப் அடிச்சு இருந்திருக்கிறார். சனத்தின்ர வீடுகளிலயோ?"

எனக்கு அது தெரியாது என்றேன்.

"ஹிட்லரின்ர நாசியளை அடக்கப் போன ஆமியெல்லோ அது?" என்று இளையவன் குறுக்கிட்டான். "எங்கட ஊரில நிக்கிற ஆமி மாதிரியே?"

"வீட்டை விட்டுக் கலைக்கேக்க எல்லா ஆமியும் ஒரே மாதிரித்தான் கலைக்கும். நீ பேசாமல் இரு." மூத்தவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, கோவிக்கக் கூடாது. அந்த மனிசனில எனக்கு ஒரு கோவமும் இல்லை. பெட்டியைத் தூக்குவன். அந்த மெடலைத் தூக்க மாட்டன்."

அவனுடைய கதையை நான் அறிந்திருந்தேன். அவர்களுடைய வீடு இராணுவ முகாமொன்றின் வேலிக்குள் அகப்பட்டுக் கொண்டது. வெளியேற்றப்பட்டுச் சில நாட்களின் பின், தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வரலாமென்று சென்ற அவனுடைய தகப்பன் திரும்பி வரவில்லை. மற்ற இருவரையும் பார்த்தேன். "அவர் வராட்டி நாங்களும் இல்லை, அண்ணை," என்றான் நடுவிலான், நிலத்தைப் பார்த்தபடி.

மறுநாள் பிற்பகலில் மூத்தவன் தானாகவே என் கதவைத் தட்டினான். "ஒளிச்சுக்கொண்டு திரியேலாது. நானே அவவிட்டச் சொல்லுறன். நீங்கள் மொழிபெயர்த்தாக் காணும்."

அம்மையார் எங்களை இருத்திக் கோப்பி ஊற்றினார். அவன் யாழ்ப்பாணத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். பெட்டியைத் தூக்க விருப்பம். படையிடம் வீட்டையும் தகப்பனையும் இழந்ததால் பதக்கத்தோடு தூக்க இயலாது. அம்மையார் கோபிப்பார் என்று அஞ்சியிருந்தேன். அவர் சீனிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஜெர்மனியில் எங்கள் தெருவிலும் நல்ல வீடுகளையெல்லாம் அமெரிக்கர்கள் எடுத்தார்கள்," என்றார். "மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று வாசலில் நின்று வாசித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்தான். ஜெர்மன் கொஞ்சம் தெரியும் என்பதால் எல்லா வாசல்களுக்கும் இவரைத்தான் அனுப்பினார்கள். அம்மா தையல் இயந்திரத்தையாவது எடுத்துச் செல்லக் கேட்டாள். கூடாது, கட்டளை அப்படி என்றார். அம்மா சாகும்வரை இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மூத்தவன் என்னைப் பார்த்தான். "பிறகு ஏன் இவரைக் கட்டினவ எண்டு கேளுங்கோ."

"அதைக் கேக்கிறதே தம்பி?"

"கேளுங்கோ, அண்ணை."

கேட்டேன். அம்மையார் அந்தத் துக்கத்தினிடையிலும் சிறிது சிரித்தார். "பசி. அவரிடம் இறைச்சி டின் இருந்தது. முதலில் அவ்வளவுதான். நல்ல மனிதர் என்பது பிறகு தெரிந்தது." பிறகு மூத்தவனைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஊரில் இதை யாராவது கேட்பார்கள் என்று வந்த நாள்முதல் காத்திருந்தேன். இந்த இளைஞர்தான் முதன்முதலில் கேட்கிறார்."

பின்பு அவர் கேட்டார்: "இவருடைய தகப்பனாரின் பெட்டியை யார் தூக்கினார்கள்?"

நான் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினேன். அதற்குள் அவன், தகப்பன் என்ற சொல்லை மட்டும் விளங்கிக்கொண்டு, "என்னவாம்?" என்றான். சொன்னேன்.

"பெட்டி இல்லை. உடம்பு தரேல்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அம்மையார் எழுந்து சுவரருகே சென்றார். சட்டத்தைக் கழற்றி, முந்தானைபோல் கிடந்த சமையல் கவசத்தால் அதன் தூசியைத் துடைத்தார். அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கிடையில் அதை வைத்து மூடினார். முன்னறைச் சுவரில் அது தொங்கிய இடம் மற்ற இடங்களைவிட வெளிறியிருந்தது. "நாளைக்கு நால்வரும் வாருங்கள்," என்றார்.

"என்னால அந்த மனிசனின்ர ஆசை கெட்டுப்போச்சு, என்ன?" என்றான் மூத்தவன் படியேறும்போது.

அடக்கத்தன்று மேற்குக் காற்று மழையைக் கிடையாக அடித்தது. தேவாலயத்தின் வாங்குகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. போதகர் பால் தொழிற்சாலையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசினார். அமெரிக்காவுக்கு ஒரே ஒரு வாக்கியம். பெட்டியின் மேல் சிறிய மலர்வளையம் மட்டும் இருந்தது.

இந்த நாட்டில் பெட்டியின் இருபுறத்துக் கைபிடிகளையும் பற்றி, இடுப்பளவில் தாழ்வாகத் தூக்கிச் செல்வார்கள். அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லப்பட வேண்டிய விடயமென்று அவர்களுக்குத் தோன்றியிராது. முன்னால் தமையன் மகனும் பராமரிப்புக்காரரும், நடுவிலும் பின்னாலும் நாங்கள் நால்வரும் நின்றோம். சமிக்ஞை கிடைத்ததும் எங்கள் நால்வருடைய கைகளும் ஊர் வழக்கப்படி பெட்டியை நேரே தோளுக்கு உயர்த்திவிட்டன. முன்பக்கம் தாழ்ந்தே நின்றது. பெட்டி முன்னோக்கிச் சரிந்து, மலர்வளையம் வழுக்கி விழப் பார்த்தது. சடங்கை ஒழுங்கு செய்த மனிதர் "இல்லை, இல்லை" என்று கைகளைத் தாழ்த்திக் காட்டி ஓடிவந்தார்.

"இறக்குங்கோடா!" என்றேன்.

"இப்ப இறக்கினா விழும். அவையைத் தூக்கச் சொல்லுங்கோ!" என்றான் மூத்தவன்.

நான் டெனிஷில் என்ன சொன்னேனோ அறியேன். பராமரிப்புக்காரர் ஏதோ முணுமுணுத்துத் தன் பக்கத்தைத் தோளுக்கு ஏற்றினார். தமையன் மகனும் முகம் சிவந்து அவ்வாறே செய்தான். அந்த உயரத்திலேயே அவரை மழைக்குள் கொண்டுபோய்ச் சேமக்காலையில் தோண்டியிருந்த குழியருகே இறக்கினோம். அம்மையார் எங்களுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தபடியே நடந்துவந்தார் என்று என் மனைவி பின்னர் சொன்னாள்.

அடக்கத்தின் பின் தேவாலய மண்டபத்தில் கோப்பியும் வெண்ணெய் பூசிய பாணும் வைத்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் ஓரத்து மேசையில், ஈரத் தோள்களோடு, என் மனைவியுடன் இருந்தோம். பால் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர் அம்மையாரிடம் வந்து கைகொடுத்தார். அவருக்குக் காது மந்தம். ஆகவே அவர் பேசியதும் அம்மையார் பதிலளித்ததும் மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

"அமெரிக்காவில் அவர் என்ன செய்தார்?"

"பண்ணையில் வேலை செய்தார்."

"படையில் இருந்ததாக ஒருமுறை சொன்னதுபோல் ஞாபகம். ஜெர்மனியிலோ எங்கோ. நான் நம்பவில்லை. வீண்பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்."

அம்மையார் எங்கள் மேசையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முதியவரின் காதருகே குனிந்து, உரத்த குரலில், "இல்லை. பண்ணையில்தான்," என்றார்.

முதியவர் திருப்தியோடு தலையசைத்து, மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மூத்தவனுக்கு அவ்வளவு டெனிஷ் விளங்கும். கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தான். "அண்ணை, ஏன் இல்லையெண்டவ? பெட்டியில வைக்காட்டிச் சரி. வாயாலயாவது ஓமெண்டு சொல்லியிருக்கலாமே."

"எங்களைப் பாத்திட்டுத்தான் சொன்னவ."

"நான் அவ்வளவு தூரம் கேக்கேல்லையே."

அவன் எழுந்து அம்மையாரிடம் போனான். ஏதோ சொல்ல வேண்டும் என்று போனவனுக்கு, அதற்கு வேண்டிய டெனிஷ் இருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த முதியவருக்கும் அம்மையாருக்கும் நடுவே, வெறுங்கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றான். அவன் இன்னும் கோப்பி கேட்டு வந்திருப்பதாக அம்மையார் எண்ணினார் போலும். கோப்பிக் கெண்டியை எடுத்து நிரம்ப ஊற்றினார். அவன் அதை நின்றபடியே குடித்து முடித்தான்.